மறு: ‘செல்ஃப் டைம்’ – தன்னேரமா, தற்செலவா?

குழுவினருக்கு வணக்கம். நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ‘புரொஃபைலர்’ கருவியின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலுக்கு இது மறுமொழி. ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தானே எடுக்கும் நேரம் ‘செல்ஃப் டைம்’; அது அழைக்கும் செயற்கூறுகளின் நேரத்தையும் சேர்த்தது ‘இன்குளூசிவ் டைம்’.

> ‘செல்ஃப் டைம்’ என்பதைத் தன்னேரம் என்றும், ‘இன்குளூசிவ் டைம்’ என்பதை மொத்த நேரம் என்றும் வைத்துக்கொள்ளலாமே?

இரண்டாவது சொல்லை ஏற்கவே முடியாது. புதிதாகப் புரொஃபைலர் அறிக்கையைப் படிப்பவர் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான். 10 நொடி ஓடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் தொடங்கும் செயற்கூறான மெயின் வேறு இரண்டு செயற்கூறுகளை அழைக்கிறது: ‘படி’ 0.9 நொடி, ‘அறிக்கை’ 9 நொடி. ‘அறிக்கை’ தானாகச் செய்யும் வேலை 1 நொடிதான். மீதி 8 நொடியும் அது அழைக்கும் ‘வரிசைப்படுத்து’க்குப் போகிறது. அதிலும் 7 நொடியை ‘ஒப்பிடு’ எடுத்துக்கொள்கிறது. ‘மொத்த நேரம்’ என்று தலைப்பிட்ட நெடுவரிசையில் 10, 0.9, 9, 8, 7 என்று எண்கள் நிற்கும். மொத்தம் என்றால் கூட்டிப் பார்க்கத்தானே தோன்றும்? கூட்டினால் 34.9 வருகிறது. நிரல் ஓடியதோ 10 நொடி.

என் பரிந்துரை: தான் செய்த வேலைக்குத் தற்செலவு, அழைத்தவற்றுக்குப் போனது கிளைச்செலவு, இரண்டும் சேர்ந்தது கூட்டுச்செலவு. தற்செலவுகளைக் கூட்டினால் சரியாக 10 வரும் (மெயினுடையது 0.1).

‘தன்னேரம்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘தன்னேரில்லாத’ என்ற பழக்கத்தால் கண் அதை ‘தனக்கு நிகர்’ என்றே முதலில் படிக்கிறது. தற்செலவு என்பது தற்காப்பு, தற்செயல் போல இயல்பாக அமைகிறது. நினைவகத்தை அளக்கும்போதும் அதே சொல் உதவும். ‘நேரம்’ அங்கே பயன்படாது. செலவு என்றால் சங்கப் பாடல்களில் பயணமும்கூட, ‘செலவழுங்கல்’ (தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவது) நினைவிருக்கும். ஓடும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

> அப்படியானால் தற்செலவு மிகுந்ததே குற்றவாளி என்று சொல்லிவிடலாமா?

கூடாது. மேலே ‘ஒப்பிடு’ 7 நொடி எடுக்கிறது; ஆனால் அதன் உள்ளே திருத்த ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு வரியைச் சேர்த்த பிறகும் ‘அறிக்கை’ முழுப் பட்டியலையும் மறுபடி வரிசைப்படுத்தினால் பிழை இரண்டு படி மேலே இருக்கிறது. செலவு நடந்த இடம் வேறு, செலவை வரவழைத்த இடம் வேறு. அதனால்தான் தற்செலவோடு அழைப்பெண்ணிக்கையையும் (எத்தனை முறை அழைக்கப்பட்டது) சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொற்களில் காட்ட விரும்புகிறேன். 1982-இல் வெளிவந்த ஜிபுரோஃப் போன்ற கருவிகளில் அழைப்பெண்ணிக்கை உண்மையாக எண்ணப்பட்டது. நேரமோ மாதிரியெடுத்து, அதாவது சீரான இடைவெளியில் எந்தச் செயற்கூறு ஓடுகிறது என்று பார்த்து, கணித்தது. நொடிக்கு 100 மாதிரி என்றால், 0.01 நொடி என்று காட்டும் வரி ஒரே ஒரு மாதிரி. அடுத்த ஓட்டத்தில் அது காணாமல் போகலாம். 100 மாதிரி கிடைத்த செயற்கூற்றிலும் ஏறக்குறைய 10 மாதிரி முன்பின் இருக்கும் (வர்க்கமூலக் கணக்கு). ஆகவே ‘அளந்த நேரம்’ என்று எழுதாமல் ‘கணித்த நேரம்’ என்றே எழுதுவோம்.

> புரொஃபைலருக்கு?

‘செலவாய்வி’. சமூக வலைத்தளங்களின் ‘சுயவிவரம்’ இங்கே துளியும் பொருந்தாது.

செயற்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டங்களாகக் காட்டும் ‘ஃபிளேம் கிராஃப்’ என்பதற்குத் தழல் வரைபடம் என்று முன்பு வந்த பரிந்துரை எனக்கு உவப்பே. அதில் கட்டத்தின் அகலம் கூட்டுச்செலவு. மேலே வேறு கட்டம் மூடாத பகுதி தற்செலவு. இடமிருந்து வலமாகக் காலம் ஓடுவதாகப் பலர் படிக்கிறார்கள். அங்கே வரிசை பெரும்பாலும் அகரவரிசை மட்டுமே என்பதைச் சொல் விளக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

தரவுத்தளத்தின் பதிலுக்காக நிரல் சும்மா நிற்கும் நேரம் இன்னும் பெயரில்லாமல் இருக்கிறது. செயலி (சிபியூ) நேரத்தை மட்டும் பார்க்கும் கருவியில் அது தெரியவே தெரியாது. ‘காத்திருப்புச் செலவு’ நீளமாகப் படுகிறது. சுருக்கமான சொல் கைவசம் உள்ளவர்கள் எழுதுங்கள்.