உதவி: ஸ்டேஷன் கேட்டில் ரயில் கார்டு வேலை செய்யவில்லை, நாளை காலை கிளம்ப வேண்டும்

புதுமாணவன் (சனி, இரவு 9:12)
அவசரம். இன்று ஹோஸ்ட் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனேன். ஏறும்போது கேட் ஒழுங்காகத் திறந்தது. இறங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து கதவு சாத்திக்கொண்டது. அவர்கள் மூவரும் வெளியே, நான் மட்டும் உள்ளே, என் பின்னால் பெருங்கூட்டம். ஒதோசான் (ஹோஸ்ட் அப்பா) ஊழியரிடம் ஏதோ பேசி, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, தன் கைக்காசைக் கொடுத்து என்னை வெளியே எடுத்தார். மானம் போய்விட்டது. கார்டில் பணம் இருக்கிறது. நாளை காலை 8 மணிக்கு மறுபடி கிளம்புகிறோம். என்ன செய்ய?

சும்மா_படிப்பவன் (9:20)
எந்த ஊர்? எந்தக் கார்டு? எந்த ஸ்டேஷன்?

மெக்கானிக்_மாமா (9:24)
போனையும் கார்டையும் ஒன்றாக வைத்திருப்பாய். போன் கவரில் இருக்கும் காந்தம் கார்டை அழித்திருக்கும். என் ஏடிஎம் கார்டுக்கு இப்படித்தான் ஆனது. புதுக் கார்டு வாங்கு.

சும்மா_படிப்பவன் (9:26)
முதலில் எந்த நாடு என்று தெரியட்டும் மாமா.

கொம்பன் (9:27)
ஒதோசான் என்கிறாரே, ஜப்பான்தான்.

புதுமாணவன் (9:41)
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஜப்பான்தான். தகாட்சுகியில் ஏறி, கியோட்டோவில் நாரா லைனுக்கு மாறி, இனாரியில் இறங்கினோம். எல்லாமே ஜேஆர் ரயில். கார்டு இகோகா, இந்தப் பக்கத்து ரயில் கார்டு, நான் வந்த அன்று ஒகாசான் (ஹோஸ்ட் அம்மா) கொடுத்தது. 2,300 யென் இருக்கிறது. திரும்பும்போது ஒதோசான் காகித டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நாளை போவது நாராவுக்கு.
மற்றபடி அருமையான நாள். ஃபுஷிமி இனாரி கோயிலில் செந்நிறத் தோரி வாயில்களுக்குள், மலை நடுவே யோட்சுட்சுஜி வரை ஏறினோம். வீட்டுத் தங்கச்சி (9 வயது) வாயில்களை எண்ணிக்கொண்டே வந்து முந்நூறுக்குப் பக்கத்தில் சண்டை போட்டு நிறுத்திவிட்டாள், நான் பேச்சுக் கொடுத்ததில் கணக்கு தப்பிவிட்டதாம். கீழே வந்து கிட்சுனே உடோன், சாற்றில் போட்ட நூடுல்ஸ். நான் சைவம். பொரித்த டோஃபுதான் மேலே கிடந்தது, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒசாகா_பழையவர் (9:50)
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க உங்கள் தலைமுறைக்குப் பொறுமை கிடையாது. ஒரு பகுதியில் ஏறி வேறு பகுதியில் இறங்கினால் கார்டு செல்லாது. டோக்கியோவில் தட்டிவிட்டு நாகோயாவில் வெளியே வர முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

ரயில்_கிறுக்கி (9:58)
அண்ணா, அந்த விதி சரிதான், ஆனால் இங்கே பொருந்தாது. தகாட்சுகி, கியோட்டோ, இனாரி மூன்றும் ஒரே இகோகா பகுதி. 2013 மார்ச்சிலிருந்து டோக்கியோவின் சுயிகா, பாஸ்மோ உட்பட பத்து கார்டுகள் அங்கே செல்லும். மாமா, இந்தக் கார்டில் காந்தப் பட்டையே கிடையாது, உள்ளே சில்லு. காந்தம் எதையும் அழிக்காது.
தம்பி, மாமா சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்கிறேன்: கார்டை எதில் வைத்திருந்தாய்? போனில் வேறு கார்டு ஏதாவது போட்டிருக்கிறாயா?

கொம்பன் (10:02)
இடையில் ஒன்று. கிட்சுனே உடோன் சைவம் என்று யார் சொன்னது? அந்தச் சாறு கட்சுவோபுஷியில் இறக்கியது. சூரை மீன்.

புதுமாணவன் (10:04)
என்னது??

யாழ்_மாசி (10:11)
எங்கட மாசிக் கருவாடு மாதிரி. அதே சூரை, அவித்து, புகை போட்டு, கல் மாதிரிக் காய வைப்பது. சம்பலுக்கு இடித்துப் போடுவோம், அவர்கள் சீவிப் போட்டுச் சாறு எடுக்கிறார்கள்.

ஒசாகா_பழையவர் (10:15)
மாதிரி என்று சொல்லாதீர்கள். உயர்ந்த ரக கட்சுவோபுஷியில் பூஞ்சை ஏற்றி, வெயிலில் வைத்து, மாதக்கணக்கில் பக்குவப்படுத்துவார்கள். மாசியில் அந்த வேலை உண்டா?

யாழ்_மாசி (10:18)
எல்லாவற்றுக்கும் பூஞ்சை ஏற்றுவதில்லை. பூஞ்சை ஏற்றாததும் அவர்கள் ஊர்க் கடைகளில் விற்கிறது. கெட்டுப்போன மாசியில் பூஞ்சை தானாக வரும், அதையும் உயர்ந்த ரகம் என்று விற்கலாமோ?

ஒசாகா_பழையவர் (10:20)
சமையல் பேச வரவில்லை. போன் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவில் வாங்கிய போனில் சுயிகா வேலையே செய்யாது. அந்தக் கேள்வியே வீண்.

ரயில்_கிறுக்கி (10:27)
ஆண்ட்ராய்டு என்றால் நீங்கள் சொல்வது சரி. ஐபோன் 8-இல் இருந்து எந்த நாட்டில் வாங்கியதும் ஆகும். தம்பி, பதில்?

புதுமாணவன் (10:39)
ஐபோன்தான். டோக்கியோவில் முதல் நான்கு நாள் வகுப்பு இருந்தது, அப்போது சீனியர் ஒருவர் போனில் சுயிகா போட்டுக்கொடுத்தார். இங்கே வந்தபின் தொடவே இல்லை, பள்ளிக்கு சைக்கிள்தான். இகோகா போன் கவருக்குப் பின்னால் உள்ள பையில் இருக்கிறது. கவர் போன வாரம் நூறு யென் கடையில் வாங்கியது. இதெல்லாம் முக்கியமா?

ரயில்_கிறுக்கி (10:48)
முக்கியமா என்றா கேட்கிறாய்! இதுதான் முழுக் கதை.
போனில் போட்ட முதல் சுயிகா தானாகவே எக்ஸ்பிரஸ் கார்டாகிவிடும். முகம், விரல் எதுவும் கேட்காமல் கேட்டுக்குப் பதில் சொல்லும். நீ காட்டியது கார்டும் போனும் ஒட்டிய ஒரே பொட்டலம். தகாட்சுகியில் போன் முந்திக்கொண்டது, இனாரியில் இகோகா முந்திக்கொண்டது. இகோகாவில் ஏறிய பதிவே இல்லை, அதனால் சிவப்பு.
இப்போது உன் சுயிகா தகாட்சுகியில் ஏறி இன்னும் இறங்காமல் நிற்கிறது. நாளை அது முந்தினால் உள்ளே விடவே விடாது. போனில் வாலட் செயலியைத் திறந்து பார், பயணத்தில் இருப்பதாகக் காட்டும்.
காலையில் பதினைந்து நிமிடம் முன்னால் போய், ஆள் இருக்கும் ஜன்னலில் போனைக் காட்டு. பதிவை நீக்கித் தருவார்கள். பிறகு அமைப்புகளில் எக்ஸ்பிரஸ் கார்டு என்ற இடத்தில் எதுவும் வேண்டாம் என்று வை. இகோகாவைக் கவரிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போடு.

சும்மா_படிப்பவன் (10:55)
ஒதோசான் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தாயா?

ஒசாகா_பழையவர் (10:58)
கொடுக்கவே கூடாது. ஜப்பானில் அது அவமானம்.

நெல்லை_அக்கா (11:06)
என் மகள் ஒரு வருடம் இப்படி ஒரு வீட்டில் இருந்தாள். சில வீட்டில் வாங்கிக்கொள்வார்கள், சில வீட்டில் மாட்டார்கள். ஜப்பான் என்றால் ஒரே வீடா என்ன? உறையில் போட்டுக் கொடுக்கட்டும், வேண்டாம் என்றால் குழந்தைக்கு ஏதாவது வாங்கட்டும். தம்பி, இன்றைக்கே ஒகாசானிடம் போன் விஷயத்தைச் சொல்லிவிடு. காலையில் கேட்டில் வைத்து அவர்கள் திகைக்க வேண்டாம். மீன் விஷயத்தையும் சேர்த்துச் சொல். சைவம் என்றால் கறி வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்திருக்கும். தாஷியிலும், அதாவது அந்தச் சாற்றிலும், மீன் கூடாது என்று தனியாகச் சொன்னால்தான் தெரியும்.

மெக்கானிக்_மாமா (11:15)
கவரும் கார்டும்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

ரயில்_கிறுக்கி (11:17)
காந்தம் என்று சொன்னீர்கள் மாமா.

கொம்பன் (ஞாயிறு, காலை 10:30)
என்ன ஆச்சு தம்பி? நாராவுக்குப் போனாயா, இல்லை கேட்டிலேயே நிற்கிறாயா?

புதுமாணவன் (ஞாயிறு, இரவு 10:22)
நாராதான். ஜன்னலில் இரண்டே நிமிடம், சுயிகாவிலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொண்டு சரிசெய்துவிட்டார். நேற்று ஒதோசான் கட்டியது போக, இது இரண்டாம் முறை கட்டியதா என்று கேட்க எனக்கு மொழி போதவில்லை. தோதாய்ஜியில் பெரிய புத்தரைப் பார்த்தோம். மான் என் கையிலிருந்த வரைபடத்தைத் தின்றுவிட்டது. ஒதோசான் உறையை வாங்கவில்லை. இன்றிரவு மிசோ சூப்பை ஒகாசான் கொம்பு என்ற கடற்பாசி மட்டும் போட்டுச் செய்தார். தங்கச்சி ருசி இல்லை என்று சொல்லி என் கிண்ணத்திலும் கட்சுவோபுஷி தூவ வந்தாள். காலை பள்ளி, தூங்கப் போகிறேன். நன்றி.

ரயில்_கிறுக்கி (10:31)
எவ்வளவு எடுத்தார்? முழுத் தொகை எடுத்திருந்தால் கேட்டு வாங்கலாம். தம்பி?

யாழ்_மாசி (10:40)
தூங்கிவிட்டான்.