புதுப்பிப்பு: அக்கா மகனுக்கு லோயர் கிடைத்துவிட்டார்

அக்கா மகனின் அகதிக் கோரிக்கைக்குக் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பக்கம் நல்ல லோயர் யார் என்று முன்பு கேட்டிருந்தேன். பெயர்கள் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒவ்வொரு பெயரையும் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் தேடினோம். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். சந்தித்த லோயர் ஒருவர் "வெற்றி நிச்சயம்" என்றார், எழுந்து வந்துவிட்டோம். முடிவு சொல்வது குடிவரவு அகதிகள் வாரியம், அதற்கு எந்த லோயரும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது எடுத்தவர் லீகல் எய்ட் சான்றிதழை (வசதி குறைந்தவர்களின் லோயர் செலவைப் பொதுப் பணத்தில் ஏற்கும் சட்ட உதவி) ஏற்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது, கோரிக்கைப் படிவத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒரு திகதி பிழை என்று அவன் சொன்னதும் திருத்தினார், அப்புறம்தான் கையெழுத்து. விசாரணைத் திகதி வந்ததும் எழுதுகிறேன்.