சம்மர் கேம்ப்ல எந்த கிளாஸ்னு பிள்ளைங்களே எடுக்கட்டுமா, இல்ல பெத்தவங்களா?

நாலாவது மாடி:
மதுரைல எங்க குடியிருப்பு சமுதாயக் கூடத்துல மே மாசம் பத்து நாள் கேம்ப் போடுவோம். இதுவரைக்கும் அம்மா அப்பாதான் ஃபார்ம்ல டிக் அடிச்சு குடுப்பாங்க, பாதிப் பிள்ளைங்க வந்து தூங்கி வழியும். இந்த தடவை பிள்ளைங்களையே துண்டுச்சீட்டுல எழுதி டப்பால போட சொன்னோம். பறை, சிலம்பம், களிமண், ஓவியம், பரதம். 42 சீட்டுல சிலம்பம் மட்டும் 19, ஓவியத்துக்கு மூணே மூணு (அதுலயும் ஒருத்தன் "தம்பி எங்கயோ அங்க"ன்னு எழுதிருந்தான்). அத கூட சமாளிச்சிரலாம். அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு பறைன்னு எழுதிருந்தா, மறுநாள் அவ அம்மா வந்து சீட்ட தேடி எடுக்கச் சொல்லி கோடு கிழிச்சுட்டு பரதம்னு எழுதிட்டு போறாங்க, "எங்க வீட்ல அதெல்லாம் தொடமாட்டோம்"னு. பிள்ளை பக்கத்துலயே நின்னு செருப்பு வாரையே பாத்துட்டு இருக்கு. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை டீச்சர்:
சீட்டு எழுத வச்சதே சீக்கிரம்னு நினைக்கிறேன். களிமண்ண தொட்டே பாக்காத பிள்ளை என்னத்த எழுதும், ஃப்ரெண்டு எங்க போறான்னு பாத்துதான் எழுதும். நான் சின்ன வயசுல ஜவகர் சிறுவர் மன்றத்துல பாட்டுக்குன்னு போயி பக்கத்து ரூம் ஓவியத்துலயே உக்காந்துட்ட ஆளு. மொத ரெண்டு நாள் எல்லாரும் அஞ்சுலயும் சுத்தி வரட்டும், அப்புறம் சீட்டு, ரெண்டு விருப்பம் எழுதட்டும், நடுவுல ஒரே ஒரு தடவை மாத்திக்கலாம்னு வைங்க. சிலம்பத்த ரெண்டு பேட்ச் ஆக்கி வெளிய விடுங்க, உள்ள வேணாம், எங்க கூடத்துல டியூப்லைட்டு போச்சு. கம்பு பிள்ளை நெத்தி உயரத்துக்கு மேல வேணாம். களிமண் பொம்மைய மொட்டமாடில காயப்போடாதீங்க, மே வெயிலுக்கு வெடிச்சிரும், நிழல்ல ஈரச்சாக்கு போட்டு மெதுவா காயணும்.

கீபோர்டு அப்பா:
என் பையன் அவனே ஆசப்பட்டு கீபோர்டு எடுத்தான், ஒரு மாசம், இப்ப அது பீரோ மேல தூங்குது. சும்மா பிள்ளை இஷ்டம் பிள்ளை இஷ்டம்னு சொல்லாதீங்க.

டீச்சர்:
சார் பத்து நாள் கேம்புக்கு யாரு கீபோர்டு வாங்கச் சொன்னா 😀

சட்டம் படிச்சவன்:
ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கை 12வது பிரிவே பிள்ளை கருத்த கேக்கணும்னுதான் சொல்லுது, இந்தியா 1992லயே ஏத்துக்கிட்டது.

அலங்காநல்லூரான்:
தம்பி, அத போயி அந்த அம்மாகிட்ட சொன்னா பிள்ளைய கேம்புக்கே அனுப்பமாட்டாங்க. நான் பறை அடிக்கிறவன். எங்க ஊரு வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, திண்டுக்கல் சக்தி கலைக்குழு பொண்ணுங்க எத்தன வருஷமா அடிக்கிறாங்க, இதெல்லாம் தெரியாமயா பேசுறாங்க? பொண்ணுங்கிறது இல்ல விஷயம், சாதிதான். அத நீங்க பத்து நாள்ல மாத்த முடியாது, ஆனா அந்தப் பிள்ளைய வச்சு சண்ட போட்டுராதீங்க, சாயங்காலம் அது அதே வீட்டுக்குத்தான் போகணும். டீச்சர் சொன்ன மாதிரி எல்லாரும் எல்லாத்துலயும் சுத்துங்க, அப்ப அது பறைய "எடுத்த" பிள்ளையா தனியா நிக்காது. அப்புறம் தோல் பறைன்னா தீயில காட்டாம குடுத்துராதீங்க, தொப்பு தொப்புன்னுதான் சத்தம் வரும், பிள்ளைங்க இவ்வளவுதானான்னு போயிரும்.

நாலாவது மாடி:
அப்டேட். எல்லாருக்கும் அஞ்சும் உண்டுன்னு அந்த அம்மாகிட்ட பறை பேரையும் சேத்தேதான் சொன்னேன், மறைக்கல. கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ரெண்டு நாள்தானே"ன்னாங்க. நேத்து அந்தப் பிள்ளை சிண்டுக்குச்சிய (பறை அடிக்கிற மெல்லிசு குச்சி) பென்சில் மாதிரி புடிச்சிருந்துச்சு, ஆசிரியர் விரல பிரிச்சு வச்சாரு, மறுபடி பென்சில். சீட்டு வெள்ளிக்கிழமைதான் வாங்குறோம். இப்ப தீ மூட்ட வைக்கோல் யார் வீட்ல இருந்துன்னு ஆறு பேருக்குள்ள சண்டை.