1954-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தாத்தாவுக்கு அந்த வருஷத்து உலகச் செய்திகள்: எதைச் சேர்க்கலாம்?

மஞ்சக்குப்பம் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா 1954-ல் கடலூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்கை மச்சத்தை எழுதியிருக்கிறார்கள். பொங்கலுக்குக் குடும்பமே கூடுகிறது. அந்த வருஷத்து உலகச் செய்திகளை நாலு பக்கம் அச்சடித்து அவர் கையில் கொடுக்க ஆசை. இதுவரை எடுத்தவை: ஏப்ரல் 29-ல் இந்தியாவும் சீனாவும் போட்ட பஞ்சசீல ஒப்பந்தம், மே 6-ல் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடியது, ஜூலை 4-ல் கால்பந்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என்று ஜெயித்தது. வேறு என்ன சேர்க்கலாம்?

முத்தியால்பேட்டைக்காரன்:
தங்கச்சி, ஓட்டமும் கால்பந்தும் இருக்கட்டும். தியென் பியென் பூ எங்கே? மே 7-ந் தேதி வியட்நாமில் அந்தப் பிரெஞ்சு முகாம் விழுந்தது. அப்போ எங்க புதுச்சேரியும் வியட்நாம் மாதிரியே பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, அதனால் எங்க தெருவுக்கு அது வெளிநாட்டுச் செய்தியே கிடையாது. வியட்நாமின் சைகோன் நகரத்தில் அரசாங்க உத்தியோகத்திலும் பட்டாளத்திலும் நம்ம ஊர் ஆட்கள் எத்தனையோ பேர். எங்க ஆயாவோட அண்ணனும் அங்கேதான் இருந்தார். அவர் அனுப்புற பணத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அந்தச் சேதி வந்ததிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆயா திண்ணைக்கு வந்துவிடுவாராம். கடிதம் வந்தால் உடனே பிரிக்க மாட்டார். முத்திரையில் என்ன தேதி என்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, அது மே 7-க்குப் பிந்தினதுதானா என்று உறுதியான பிறகே உறையைக் கிழிப்பாராம்.

அதோடு விடாதே. ஜூனில் பிரான்சுக்கு மெந்தேஸ்-பிரான்ஸ் என்பவர் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம், வியட்நாம் இரண்டானது. அதே அரசாங்கம்தான் அக்டோபர் 21-ல் நம்ம ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கக் கையெழுத்துப் போட்டது. நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1-ந் தேதிதான் பிரான்ஸ் ஆண்ட அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது! இங்கே கொடி மாறுகிறது, அங்கே குண்டு வெடிக்கிறது. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை அடைந்தது. நமக்குச் சட்டப்படியான மாற்றம் அதே வருஷம் ஆகஸ்ட் 16-ல்தான் வந்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் போடு. தாத்தா கட்டாயம் நிறுத்திப் படிப்பார்.

பாகூர் வாத்தியார்:
தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நடுவில் நம்ம புதுச்சேரிக் கிராமம் கீழூர் விட்டுப்போச்சு. அக்டோபர் 18-ல் அங்கே ஓட்டெடுப்பு நடந்து, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அம்மா, இதை மக்கள் வாக்கெடுப்பு என்று மட்டும் அச்சடித்துவிடாதே. ஓட்டுப் போட்டது சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். எங்க ஊரில் நாத்து நட்டவங்களுக்கும் தறி போட்டவங்களுக்கும் சீட்டு இல்லை. சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நடந்ததை நடந்தபடி பிள்ளைகளுக்குச் சொல்லணும்.

ஏப்ரல் 13-ல் காமராஜர் சென்னை மாகாண முதலமைச்சரானதையும் சேர். உலகச் செய்தி இல்லைதான். ஆனால் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றிருந்த திட்டத்தை அவர் கைவிட்டார். தாத்தாவுக்குத் தம்பி தங்கைகள் இருந்திருந்தால் அவரே சொல்வார்.

தேவனாம்பட்டினம் கடலோடி:
மார்ச் 1-ஐ மறந்துட்டீங்களே. பசிபிக் கடலில் இருக்கிற பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. ஆபத்துப் பகுதி என்று அவங்க குறித்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடிச்சிக்கிட்டிருந்த ஜப்பான் படகில் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். செப்டம்பரில் ரேடியோ ஆபரேட்டர் இறந்துபோனார். நேரு ஏப்ரல் 2-ல் மக்களவையில் இந்தச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். வலை போடப் போன ஆளுக்கு என்ன பாவம்? எங்க குப்பத்தில் பிறந்த யாராலும் இந்தச் செய்தியைத் தாண்டிப் போக முடியாது. கால்பந்தைக்கூட எடுத்துடுங்க, இதைப் போடுங்க.

மஞ்சக்குப்பம் பேத்தி:
ரொம்ப நன்றி. தாத்தாவிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன். பானிஸ்டர் யாரென்றே தெரியவில்லை. காமராஜர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கடைசித் தம்பி மத்தியானமும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததை அரைமணி நேரம் சொன்னார். முதல் பக்கம் அதுதான். முத்தியால்பேட்டை அண்ணா, அந்தச் சைகோன் உறை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
ரெண்டு இருக்கு. முகவரியை மறைச்சிட்டு ஞாயித்துக்கிழமை அனுப்புறேன்.