மறு: எனாமல் பூச்சு ‘உலர்தல்’, ‘கியூரிங்’ – தனிச்சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ‘கியூரிங்’ என்பதற்கு ‘முழு உலர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாம். படிப்பவருக்கு உடனே விளங்கும்.

ஐயா, உடனே விளங்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தவறாக விளங்கும் என்பதே கவலை. ‘முழு உலர்வு’ என்றால் உலர்தலின் கடைசிப் படி என்றுதான் எவரும் கொள்வார். ஸ்பிரே எனாமலில் நடப்பவையோ இரண்டு வெவ்வேறு செயல்கள்.

முதலாவது, கரைப்பான் ஆவியாகிப் போவது. பீய்ச்சிய 15 முதல் 30 நிமிடங்களில் விரலில் ஒட்டாத நிலை பெரும்பாலும் வந்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் பொருளைக் கையில் எடுக்கலாம். இரண்டாவது, எனாமலில் படலமாக அமையும் ஆல்கைடு பிசினின் எண்ணெய்ப் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூற்றுச் சங்கிலிகள் தமக்குள் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு வலையாக மாறுவது. அறை வெப்பநிலையில் இதற்கு ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரைகூட ஆகலாம். குளிரும் தடித்த பூச்சும் இதை இன்னும் நீட்டிக்கும். கரைப்பான் போகும்போது படலத்தின் எடை குறைகிறது; ஆக்சிஜன் சேரும்போது எண்ணெய்ப் பகுதியின் எடை கூடுகிறது. இழப்பதற்கும் பெறுவதற்கும் ஒரே வேர்ச்சொல் எப்படிப் பொருந்தும்?

இதை நான் படித்து அறிந்ததைவிடப் பட்டு அறிந்ததே அதிகம். இரும்பு அலமாரித் தட்டு ஒன்றுக்குக் கறுப்பு எனாமல் அடித்து, மறுநாள் விரலால் தட்டிப் பார்த்து, கல்போல் இருக்கிறதே என்று கனத்த அகராதிகள் இரண்டை அடுக்கினேன். நான்காம் நாள் எடுத்தபோது அட்டைத் துணியின் நெசவு இழை இழையாகப் படலத்தில் பதிந்திருந்தது; ஓர் ஓரத்தில் துணியே உரிந்து தட்டோடு தங்கிவிட்டது. பூச்சு உலர்ந்துதான் இருந்தது. மறைவான இடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்திருந்தால், பிறைபோல் விழும் தடம் உண்மையைச் சொல்லியிருக்கும்.

என் முன்மொழிவு ‘முற்றல்’. ‘குணப்படுத்தல்’ அகராதியைத் திறந்த கையோடு எழுதப்பட்டது. ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் உணவுக்கும் உரியதாகிவிட்டது. ‘கெட்டிப்படுதல்’ பரவாயில்லை, ஆனால் உருகிய மெழுகு ஆறினாலும் கெட்டிப்படும். காய் முற்றுகிறது, மூங்கில் முற்றுகிறது என்னும்போதோ, நாள்பட உள்ளேயே நிகழும் மாற்றத்தால் ஒரு பொருள் உறுதிப்படுவதைச் சொல்கிறோம். நிறைவு என்னும் பொருளும் கூடவே வருகிறது. கான்கிரீட்டை ஈரமாக வைத்துத்தான் முற்றவைக்கிறோம். அதை ‘முழு உலர்வு’ என்றால் கொத்தனார் சிரிப்பார். இரு கூறுகளைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பிசின் கரைப்பானே இல்லாமலும் முற்றும். சாதாரண லாக்கரோ உலர்வதோடு சரி, முற்றுவதே இல்லை; அதனால்தான் பல ஆண்டுகள் கழித்தும் தின்னர் என்னும் கரைப்பான் பட்டால் கரைகிறது.

முற்றுகாலம், அரைமுற்றல், முற்றாப் படலம் எனச் சொற்கள் எளிதாகக் கிளைக்கும். ‘முற்றுகை’ என்று மட்டும் எவரும் ஆக்கிவிடாதிருக்க வேண்டும், படையெடுப்பு ஆகிவிடும்.

———

வணக்கம். ‘முற்றல்’ எனக்கு உடன்பாடே. ஆங்கிலத்தில் நோய் தீர்வதைக் குறிக்கும் சொல்லுக்கு, நோய் முற்றுவதைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் ஈடாக வைக்கிறோம் என்பது வேடிக்கைதான். ஆயினும் பூச்சைப் பற்றிய பேச்சில் குழப்பம் வராது. எனக்குள்ள ஐயம் வேறு. எனாமலில் சேர்க்கும் கோபால்ட் உப்புகளைத் தொழிலில் ‘டிரையர்’ என்கிறார்கள்; நாமும் ‘உலர்த்தி’ என்று எழுதி வருகிறோம். தங்கள் பிரிவினைப்படி அவை உலர்த்துவதே இல்லையே?

———

சரியான இடத்தில் பிடித்தீர்கள், அம்மா. அவை கரைப்பானை விரட்டுவதில்லை. ஆக்சிஜன் ஏற்பைத்தான் விரைவுபடுத்துகின்றன. தொழிலின் பெயரே பிழைபட்டிருக்க, நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. வினையூக்கி என்பதை ஒட்டி ‘முற்றூக்கி’ எனலாம்.

ஒரு சொல் உழைக்குமா என்பதைக் குப்பியின் மேல் எழுதிப் பார்த்துத்தான் அறிய முடியும். பல எனாமல் குப்பிகளில் அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்கவும், தவறினால் 24 அல்லது 48 மணி நேரம் பொறுக்கவும் என்றிருக்கும். காரணம் தெரியாதவர் மூன்றாம் மணி நேரத்தில் அடித்துவிட்டு, படலம் உப்பிச் சுருங்கியதும் வண்ணத்தைக் குறை சொல்வார். ஆகவே குப்பிக்கான வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தருக:

“30 நிமிடங்களில் தொடுமளவுக்கு உலரும். அடுத்த பூச்சை 1 மணி நேரத்துக்குள் அடிக்கவும். இல்லையேல் 48 மணி நேரம் கழித்தே அடிக்கவும். இடையில் படலம் அரைமுற்றலில் இருப்பதால், புதிய பூச்சின் கரைப்பான் அதனுள் இறங்கிச் சுருக்கங்களை உண்டாக்கும். முற்றுகாலம் முடியும்வரை மேலே கனமான பொருள்களை வைக்கலாகாது.”