ஸ்கோப் (வேரியபிள் செல்லுபடியாகும் பகுதி) முடியுமுன்னே காணாமல் போன வேரியபிள்: உங்களுக்கும் நடந்ததா?

கொக்குவில் கோடர்
பெரியகடையில் ஒரு புடவைக் கடை. யாரோ பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிக் கொடுத்த பில்லிங். புரோகிராம் தொடங்கும் மெயின் மெதட்டுக்குள் ஒரு ரைமர், அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கை மற்றக் கிளைக்கு அனுப்ப வேண்டும். காலையில் அனுப்பும், சனம் கூடினால் நின்றுவிடும். பிழைச் செய்தியும் இல்லை. விஷுவல் ஸ்டூடியோவில் ஓடவிட்டு நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது! "தம்பி, நீர் ஒவ்வொரு நாளும் வந்து இதிலேயே இரும்" என்றார் முதலாளி. கடைசியில் பார்த்தால், ரைமரை உருவாக்கிய வரிக்குப் பிறகு அந்த வேரியபிளை யாருமே தொடவில்லை. பில் கூடக் கூட, பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் வந்து அதையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. யூசிங் பிளொக்குக்குள் போட்டேன், சரி. எழுதும் கோடை மாற்றித் தரும் இந்தக் கொம்பைலரை என்ன செய்வது?

நல்லூரான்
கொம்பைலரைத் திட்டாதீர் தம்பி. சி ஷார்ப் கொம்பைலர் ஐஎல் என்ற இடைநிலைக் கோட் எழுதுவதோடு சரி. கடைசியாக எங்கே பயன்பட்டது என்று பார்த்துக் கைவிட்டது, ஓடும்போது ஐஎல்லை மெஷின் கோடாக மாற்றும் ஜிட். விஷுவல் ஸ்டூடியோவின் டிபக்கரோடு (பிழை தேடும் கருவி) தொடங்கினால் மெதட் முடியும்வரை உயிரோடு வைத்திருக்கும். யூசிங் வேலை செய்தது, பிளொக் முடிவில் ரைமரை விடுவிக்கும் டிஸ்போஸைக் கூப்பிட ரைமர் தேவை என்பதால்.

உரும்பிராய் தோட்டம்
எனக்கு ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டில். மாமாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்று மோட்டருக்கு ஒரு பெடியன் செய்து தந்தது. ரிலே (மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்) மாறுமுன் கொஞ்சம் பொறுக்க, வெறுமனே எண்ணும் ஒரு ஃபோர் லூப். ஆர்டுயினோவின் ஐடிஇ (கோட் எழுதும் மென்பொருள்) கொம்பைல் செய்வது -ஓஎஸ் இல், அதாவது கோடைச் சிறிதாக்கும் தெரிவில். உள்ளே வேலை இல்லை, எண்ணும் வேரியபிளை வெளியே யாரும் பார்ப்பதும் இல்லை. கொம்பைலர் முழு லூப்பையும் தூக்கிவிட்டது. ரிலே கடகடவென்று அடித்த சத்தத்தில் மாமா ஓடிப்போய் மெயின் சுவிட்சையே நிறுத்தினார். வேரியபிளைத் தொடும் எதையும் தூக்காதே என்று கொம்பைலருக்குச் சொல்லும் வொலட்டைல் போட்டதும் அடங்கியது.

மானிப்பாயான்
எனக்கு நடந்தது சின்னது: பாஸ்வேர்டை அழிக்க சி ஃபங்ஷன் முடிவில் போட்ட மெம்செட் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்புவது), வேகத்துக்கான -ஓ2 தெரிவைப் போட்டதும் கொம்பைலர் தந்த அசெம்பிளியில் இல்லை. ஆனால் உரும்பிராய்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வொலட்டைல் இதற்கு மருந்தல்ல. லூப் மிஞ்சும், நேரம் மிஞ்சாது. 16 மெகாஹெர்ட்ஸ் போர்டை 8க்கு மாற்றினால் இரட்டிப்பு நேரம் பொறுக்கும். போர்டு தொடங்கி எத்தனை மில்லி செக்கன் என்று சொல்லும் மில்லிஸ் வைத்து எழுதுங்கள். அது ஏறக்குறைய 50 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும், ஆகவே இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தை அன்சைன்ட் லோங்கில் (குறை எண் இல்லாத முழு எண்) கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். சி எழுதுபவர்கள் ரகசியத்தை அழிக்க, கொம்பைலர் தூக்காத எக்ஸ்ப்ளிசிட் பிஸீரோவைப் பாருங்கள், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.25 இலிருந்து உண்டு. டிபக்கரில் வேரியபிள் தெரியாவிட்டால் டிபக் செய்வதற்கான -ஓஜி தெரிவைப் போடுங்கள், ஜிசிசி கொம்பைலர் 4.8 இலேயே வந்துவிட்டது. அப்புறம் இப்படி எதையும் தூக்காத -ஓ0 வில் மட்டும் சோதித்துவிட்டு ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள்.

உரும்பிராய் தோட்டம்
எல்லாம் சரி அண்ணை. மாமா அன்றைக்கே பெட்டியைக் கழற்றிவிட்டார், இப்போது கையாலேதான் மோட்டர் போடுகிறார்.