பிலிப்பைன்ஸ் சாப்பாடு: மனதை விட்டுப் போகாத ஒரு வேளை (அனுபவப் பகிர்வு)

கப்பல் மெக்கானிக்:

பினாய் (பிலிப்பைன்ஸ்காரர்) குக்கோடு கப்பலில் இருந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் சினிகாங் என்ற புளிப்புச் சூப்பைப் பற்றி அதிகம் விளக்கப் போவதில்லை. ஒரு கிண்ணம் சினிகாங் பத்து வருடமாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிஸ்கே விரிகுடா. மூன்று நாளாகக் கடல் கொந்தளிப்பு. நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர், முதல் கான்ட்ராக்ட். வாட்ச் டியூட்டி முடிந்து வந்து படுத்தால் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. மூன்றாம் நாள் ராத்திரி மயோர் கதவைத் தட்டினார் (தலைமைக் குக்கை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). கையில் மூடி போட்ட கிண்ணம். திறந்ததும் புளி வாசம், வீட்டில் ரசத்துக்குக் கரைத்து வைப்பார்களே, அதே வாசம். முள்ளங்கி வட்டம் வட்டமாக, வெண்டைக்காய் முழுசாக, மேலே நீளமாக ஒரு பச்சை மிளகாய். எச்சில் ஊறிவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது, "போர்க்கா?" முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டேன்.

மனிதர் கோபப்படவில்லை. கரண்டியால் அடியிலிருந்து ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை மீன். "இஸ்தா லாங், ஃபோர்த்" என்றார். மீன் மட்டும்தான். மறுநாள் மெஸ்ஸில் கேட்டபோதுதான் தெரிந்தது, அன்று மற்ற எல்லோருக்கும் பன்றி விலா போட்ட சினிகாங். அடுப்பில் பாத்திரம் நிற்காத அந்த ஆட்டத்தில் எனக்காக இன்னொரு சட்டி வைத்திருக்கிறார். அவர் இலோய்லோக்காரர். ஊரில் புளிக்குப் பதில் பாத்துவான் என்ற காயைப் போடுவோம், கப்பலில் அதற்கு எங்கே போவது, பாக்கெட் புளிப்பொடிதான் என்று ஒருநாள் சொன்னார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ராட்டர்டாமில் அவர் சைன் ஆஃப் ஆகி, கப்பலை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

தாவோ மாணவி:

நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸில், தாவோ நகரில். சைவ வீடு. முதல் வருடம், ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு கரிந்தெரியா, சின்னச் சாப்பாட்டுக்கடை. சட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள், மூடியைத் தூக்கிப் பார்த்து விரலால் காட்டினால் போடுவார்கள். பினாக்பெட் சட்டியைத் திறந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பரங்கி, காராமணி. "ஆத்தே (அக்கா), நோ மீட்?" என்று கேட்டேன். கடைக்கார அக்கா, "நோ மீட், கூலாய் ரா" என்றார். வெறும் காய்கறிதான் என்று.

ஆறு நாள் அதையே சாப்பிட்டேன். ஏழாம் நாள் ஒரு பாகற்காய் வளையத்துக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி. எள் என்று நினைத்தேன். கரண்டி நுனியால் தள்ளிப் பார்த்தால் புள்ளிக்குப் பக்கத்தில் நூல் மாதிரி மீசை, அப்புறம் இளஞ்சிவப்பாக வளைந்த ஓர் உடம்பு. நம் ஊர்ச் சென்னாக்கூனி அளவுதான் இருக்கும். அலமாங். உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு பாகூங் செய்வார்களே, அந்தக் கூனி. கடையில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த அக்காவுக்கு நான் எதற்காகக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "மீட் இல்லையே, பாகூங்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சமையலில் அது உப்பு. அவர் பொய் சொல்லவில்லை.

அந்த ஆறு நாளும் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் இன்னும் மனதைப் பிசைகிறது. வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

லவாக் மருமகன்:

தங்கச்சி, நீங்கள் சாப்பிட்டதைப் பினாக்பெட் என்றே என் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். அது அவர் ஊரான இலோகோஸ் பகுதிச் சமையல். அங்கே அலமாங் போட மாட்டார்கள், சின்ன மீனைப் புளிக்க வைத்த பாகூங்தான். பரங்கியும் சேர்க்க மாட்டார்கள். பெயருக்கே சுருங்கிப்போனது என்றுதான் பொருள், காய் சுருங்கும் வரை வேக வேண்டும். கல்யாணமான புதிதில் உதவி செய்கிறேன் என்று கரண்டியை உள்ளே விட்டுக் கிளறப் போனேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு குலுக்கு, அவ்வளவுதான். கிளறினால் பாகற்காயின் கசப்பு மொத்தத்திலும் இறங்கிவிடுமாம்.

சரி, அங்கே படிக்கப் போகும் சைவப் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். "மீட் இருக்கிறதா" என்று கேட்கவே கேட்காதீர்கள். "பாகூங் இருக்கிறதா, பாத்திஸ் இருக்கிறதா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாத்திஸ் என்பது மீன் சாறு, தெளிவாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. லாயிங் என்று பிகோல் பக்கத்துச் சமையல் ஒன்று உண்டு. காய்ந்த சேம்பு இலையைத் தேங்காய்ப் பாலில் மிளகாயோடு வேகவைப்பது, பார்த்தால் நம் வீட்டு மசியல் மாதிரி இருக்கும். அதிலும் பெரும்பாலும் இறால் விழுதோ பன்றியோ இருக்கும். வெள்ளிக்கிழமை பாசிப்பயறு வைப்பார்கள், இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கம் அது. ஆனால் மீன் அவர்களுக்கு விரதத்தில் சேர்ந்ததுதான். அதனால் கருவாடு கிடக்கும், சில இடத்தில் பொரித்த பன்றித்தோலைக்கூட மேலே தூவிவிடுவார்கள். கங்கோங் கீரை அடோபோ கேட்டால் சிப்பி சாஸ் வேண்டாம், வினிகரும் சோயா சாஸும் பூண்டும் போதும் என்று சொல்லி வாங்குங்கள். பயமில்லாமல் சாப்பிட தாஹோ இருக்கிறது. காலையில் தோளில் கம்பு போட்டு இரண்டு அலுமினிய வாளியோடு வருவார்கள், ஒன்றில் சூடான சோயாப் பால்கட்டி, இன்னொன்றில் சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும். வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டி மெல்லிய மாவுத்தாளில் சுற்றிப் பொரிக்கும் துரோனும் நல்லது. பிபிங்காவில் முட்டை இருக்கும், மேலே உப்பு முட்டையும் வைப்பார்கள், கவனம்.

தாவோ மாணவி:

அண்ணா, நான் வழி கேட்கவில்லை. படிப்பு முடிந்து ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அந்த அக்காவைக் கத்தியதைத்தான் சொன்னேன்.

மகாட்டி நாட்கள்:

என்னுடையது காரே-காரே. பெயரைக் கேட்டதும் கறி என்றுதான் நினைத்தேன். மகாட்டி அலுவலகத்தில் டீம் லஞ்ச், நடுவில் ஒரு பெரிய மண்சட்டி, ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான குழம்பு. மாட்டுவால், குடல், வாழைப்பூ, கத்தரிக்காய். குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. வறுத்த நிலக்கடலையின் கனம் மட்டும் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாமல் விழித்தேன்.

பக்கத்தில் இருந்த தோழர் ஒன்றும் பேசாமல் கறுஞ்சிவப்பு பாகூங்கை மிளகு அளவு எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாய். கடலை இனித்தது, உப்பு ஏறியது, அப்புறம்தான் அது குழம்பானது. பிறகு அவர் தன் முழங்கையை மேசைமேல் என் கையோடு ஒட்டி வைத்து, "பார், ஒரே நிறம். நான் காயின்தாக்காரன்" என்றார். 1762இல் ஆங்கிலேயர் மதராஸிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தபோது கூட்டிப்போன சிப்பாய்களில் சிலர் 1764இல் திரும்பவில்லை, மணிலாவுக்குக் கிழக்கே காயின்தாவில் தங்கிக் குடும்பமாகிவிட்டார்கள். அவர்கள் வைத்த கறிதான் காரே-காரே ஆனது என்று அவர் வீட்டில் சொல்வார்களாம். "உன் ஊரில் இதை எப்படி வைப்பீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டார். எங்கள் ஊரில் இது கிடையாது என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அந்த முகம் வாடியதை நான் பார்த்தேன்.

பழைய வரைபடம்:

நீங்கள் சொன்னதில் தப்பு இல்லை, உண்மையைத்தானே சொன்னீர்கள். சிப்பாய்கள் தங்கியது வரலாறு. ஆனால் சட்டியை வைத்துப் பேசுவோம். அந்தக் குழம்பின் உயிர் நிலக்கடலை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஆரஞ்சு நிறம் தரும் அச்சுவேட்டே விதையும் அங்கிருந்து வந்ததுதான். அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியாகத்தான் மெக்சிகோ விளைச்சல் அங்கே இறங்கியது. குழம்பைக் கெட்டியாக்க வறுத்த அரிசி மாவு போடுவது அந்த மண்ணின் பழக்கம். பம்பாங்கா மாகாணத்தார் இது எங்கள் வீட்டுச் சமையல் என்பார்கள், அங்கே சமையலில் கைதேர்ந்தவர்கள் அதிகம். தமிழன் எங்கே போனாலும் அங்கே உள்ளதெல்லாம் நம்முடையது என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. அடோபோவையும் ஸ்பானியச் சமையல் என்று எழுதுகிறார்கள். 1613இல் தகலோக் மொழி அகராதி எழுதிய ஸ்பானியப் பாதிரியாரே அதை "இந்த ஊர்க்காரர்களின் அடோபோ" என்றுதான் குறித்தார். வினிகரில் வேகவைப்பது அவர்களுக்கு முன்பே தெரியும், பெயர் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது.

என் அனுபவம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. மணிலாவில் பத்து நாள், அதில் ஆறு நாள் அடோபோ.

நாஞ்சில் செவிலி:

சண்டை வேண்டாம், நான் என்னுடையதைச் சொல்கிறேன். வளைகுடாவில் ஒரு மருத்துவமனை. தலைப்பிரசவம், அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த பினாய் அக்கா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கோழி, இன்னொரு கையில் ஈரத்துணியில் சுற்றிய கீரை. எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் யாரோ வைத்த முருங்கை மரம் இருந்தது, அதில் ஒடித்திருக்கிறார்.

என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். காம்பின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இலைகள் மடியில் உதிர்ந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்து உருவுவது அப்படியேதான். "இது என்ன கீரை உங்கள் ஊரில்?" என்றேன். "மலுங்காய்" என்றார். "நாங்கள் முருங்கை என்போம்" என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். பால் சுரக்கப் பிள்ளை பெற்றவளுக்கு இதைத்தான் கொடுப்போம் என்றார். அம்மாவும் முந்தின நாள் போனில் அதையேதான் சொல்லியிருந்தார்.

இஞ்சியை நிறையத் தட்டிப்போட்டு, பச்சைப் பப்பாளியும் கோழியும் வேகவைத்து, இறக்கும்போது கீரை. தினோலா என்று பெயர். மசாலா ஒன்றும் இல்லை. நான் குடித்து முடிக்கும் வரை அவர் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, கீரை உருவ உட்காரும்போதெல்லாம் இந்தக் கதையைக் கேட்பாள்.

இரவுப் பேருந்து:

யாரும் பலூத் (உள்ளே குஞ்சு வளர்ந்த, வேகவைத்த வாத்து முட்டை) பற்றி எழுதாதது நிம்மதி. நான் போன குழுவில் அதைப் பந்தயம் கட்டி வீடியோ எடுத்தார்கள். கூடையோடு "பலூ...த்" என்று நீட்டிக் கூவிக்கொண்டு வந்த பெரியவர், முட்டையின் அகலமான முனையைத் தட்டி, சின்ன ஓட்டை போட்டு, முதலில் சாறை உறிஞ்ச வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். உப்பும் மிளகாய் வினிகரும் அவரே ஊற்றினார். எங்கள் ஆள் ஒருவன் கேமராவைப் பார்த்துத் துப்பினான். பெரியவர் காசை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு நடந்தார். சாறு நல்ல கோழி சூப் மாதிரிதான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நாஞ்சில் செவிலி:

கப்பல் மெக்கானிக் தம்பி, சினிகாங்கில் புளியை முதலிலேயே ஊற்றுவதா கடைசியிலா? நான் வைத்தால் முள்ளங்கி வேகாமல் நிற்கிறது.

கப்பல் மெக்கானிக்:

கடைசியில் அக்கா. மயோர் கப்பல் சமையலறையில் வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தப் புயலுக்கு அப்புறம் அடிக்கடி போய் நிற்பேன். வெறும் தண்ணீர் வைக்க மாட்டார். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர். அதில் வெங்காயம், தக்காளி, முள்ளங்கி. முள்ளங்கி கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் புளி, பாத்திஸ். அப்புறம் மீன், வெண்டைக்காய். கங்கோங் கீரையைப் போட்டதும் அடுப்பை அணைத்து மூடிவிடுவார், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மிளகாயைக் கீறக் கூடாது, முழுசாக மிதக்க வேண்டும்.